கார்பெட்டில் பெர்மனென்ட் மார்க்கர் கறை. அவசரம், உதவுங்க!

பச்சைமிளகாய்23 · வெள்ளி, காலை 11.40
ஹால் கார்பெட்ல பையன் பெர்மனென்ட் மார்க்கரால கோடு கோடா கிழிச்சு வெச்சிருக்கான். எல்லாம் போட்டுத் தேய்ச்சாச்சு, போகல. ஞாயித்துக்கிழமை ஹவுஸ் ஓனர் வர்றார். என்ன போட்டா போகும்? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கோவைமணி · 11.52
"எல்லாம்"னா என்னென்னங்க? கார்பெட் என்ன நூல், என்ன கலர்? மார்க்கர் என்ன கலர்? பட்டு எத்தனை நாள் ஆச்சு? சுவரோட ஒட்டினதா, சுருட்டி எடுக்கிற விரிப்பா?

தக்காளிசாதம் · 11.58
வெள்ளை டூத்பேஸ்ட் வெச்சு பழைய பிரஷ்ல தேய்ங்க. சூப்பரா போகும்.

நூல்கண்டு · மதியம் 12.10
டூத்பேஸ்ட்டில் இருப்பது அரைக்கும் தூள். மேஜை, டைல்ஸில் மேலாகப் படிந்த மையைச் சுரண்டும், அவ்வளவுதான். கார்பெட் இழையில் போட்டால் நூல் பிரிந்து பஞ்சாகும், பேஸ்ட் அடியில் போய் வெள்ளையாகக் காயும். இந்தக் கேள்விக்கு இங்கேயே பத்துப் பதினைந்து பதில் கிடக்கிறது. தேடிப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் நூலின் பெயரையாவது எழுதலாம்.

ஒயிட்போர்டு · 12.21
கறை மேலேயே ஒயிட்போர்டு மார்க்கரால எழுதி உடனே துடைங்க. ரெண்டும் சேந்து வந்துரும்.

கோவைமணி · 12.26
அது வழவழப்பான போர்டுக்குங்க. ஒயிட்போர்டு மையில ஒட்டாம உரியறதுக்கு ஒரு பொருள் கலந்திருக்கும், அதனால கண்ணாடி, போர்டுல எல்லாம் கழண்டு வரும். கார்பெட்ல உரியறதுக்கு ஏது பரப்பு? இன்னொரு மையும் ஏறும், அவ்வளவுதான்.

பச்சைமிளகாய்23 · 12.40
கறுப்பு மார்க்கர். கிரீம் கலர் கார்பெட். நேத்து சாயங்காலம். துணி சோப்புத்தூள் கரைச்சு ஊத்தித் தேய்ச்சேன், இன்னும் ஈரமா இருக்கு. என்ன நூல்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

ஸ்பிரிட்சாமி · 12.55
ஓரத்துல, கண்ணுக்குத் தெரியாத இடத்துல நாலு இழை வெட்டி எடுங்க. ரெண்டை, சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணி டம்ளர்ல போட்டு விரலால அமுக்கி விடுங்க. திரும்ப மேல வந்து மிதந்தா பாலிப்ரொப்பிலீன். முங்கினா மிச்ச ரெண்டை இடுக்கியில பிடிச்சு, சிங்க் மேல வெச்சுத் தீக்குச்சி காட்டுங்க. முடி கருகுற வாடை அடிச்சு, சாம்பல் விரல்ல பொடிஞ்சா கம்பளி. உருகி கெட்டி மணியா நின்னா நைலானோ பாலியெஸ்டரோ. காகிதம் எரியற வாடைன்னா பருத்தி.

ஈரம் முழுசா காயற வரைக்கும் வேற எதையும் வைக்காதீங்க. மார்க்கர் மைங்கிறது சாயமும் பிசினும் ஆல்கஹால்ல கரைச்சது. தண்ணிக்கு அசையாது, ஸ்பிரிட்டுக்குத்தான் (அதுவும் ஆல்கஹால்தான்) இளகும். ஈரத்து மேல ஸ்பிரிட் வெச்சா வலு குறையும், மை அகலமாப் பரவும்.

பெயின்டர்தம்பி · 1.05
எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி? தின்னர் கொஞ்சம் ஊத்துனா அஞ்சு நிமிஷத்துல போயிரும்.

நூல்கண்டு · 1.14
கூடவே கார்பெட்டும் போகும். பல கார்பெட்டுகளில் இழைகளை அடியில் பிடித்து வைத்திருப்பது லேட்டக்ஸ் பசை. தின்னர், பெட்ரோல் இறங்கினால் பசை இளகி அடித்துணி தனியாகக் கழன்று வரும். மூடிய ஹாலில் தீப்பிடிக்கும் ஆவி வேறு.

சானிடைசர்அக்கா · 1.20
வீட்ல இருக்கிற சானிடைசர் போதும். அதுவும் ஆல்கஹால்தானே?

ஸ்பிரிட்சாமி · 1.31
ஆல்கஹால்தாங்க்கா. ஆனா ஜெல்லுல கெட்டிப்படுத்துற பொருளும் கிளிசரினும் இருக்கு. காஞ்சா பிசுபிசுன்னு நிக்கும், ஒரு மாசத்துல அந்த இடம் மட்டும் தூசி பிடிச்சுக் கறுக்கும். ஹேர் ஸ்பிரேயும் அதே கதை. மெடிக்கல்ல சர்ஜிகல் ஸ்பிரிட், இல்லேன்னா மொபைல் ரிப்பேர் கடையில ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்க. வாங்கினதை ரெண்டு சொட்டு கண்ணாடி மேல விட்டுக் காய விடுங்க. தடமே இல்லாம பறந்துச்சுன்னா சரக்கு சரி. எண்ணெய்ப் படலம் நின்னா வேண்டாம்.

திண்ணைவாசி · 1.48
நம்ம ஊருக்கு எதுக்குய்யா கார்பெட்? பவானி ஜமக்காளம் விரிச்சா உதறி, துவைச்சு, மாடியில காயப்போடலாம்.

நூல்கண்டு · 1.55
ஜமக்காளத்தில் பட்டாலும் துவைத்தால் போகாது. ஸ்பிரிட் வைத்தால் பக்கத்துப் பட்டையின் சிவப்போ பச்சையோ இளகி வரலாம். கேட்டது கறையைப் பற்றி.

திண்ணைவாசி · 2.02
தரையிலயே உக்காந்து வளந்தவங்க நாங்க. கறையும் இல்ல, கவலையும் இல்ல.

கோவைமணி · 2.06
ஐயா, அதைத் தனியா பேசுவோம். @பச்சைமிளகாய், என்னங்க ஆச்சு?

பச்சைமிளகாய்23 · 4.30
முங்கிருச்சு. முடி கருகுற வாடை. பின்னாடி சாக்கு மாதிரி இருக்கு. இங்க குன்னூர்ல வெயிலே இல்ல, காயவே மாட்டேங்குது.

ஸ்பிரிட்சாமி · 4.52
அப்போ கம்பளி, அடியில சணல். இனி சோப்புத்தூள் பக்கமே போகாதீங்க, காரம் கம்பளிக்கு ஆகாது. பிளீச் வேண்டவே வேண்டாம், அது கம்பளி இழையையே கரைச்சிடும். சணல் ரொம்ப நனைஞ்சு மெதுவா காஞ்சா பழுப்பு நிறம் மேல ஏறி வரும், அதனால இன்னிக்கு ராத்திரி ஃபேனை நேரா அதுக்குத் திருப்பி வைங்க.

காஞ்சதும்: அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி அணைச்சு ஜன்னலைத் திறங்க. ஓரத்துல ஸ்பிரிட் தொட்ட வெள்ளைத் துணியை அரை நிமிஷம் அழுத்திப் பாருங்க. துணியில கார்பெட் சாயம் வரலேன்னா வேலையைத் தொடங்கலாம். பழைய வேட்டித் துணிதான் இதுக்கு உத்தமம். கலர் துணி வேண்டாம், அதோட சாயமும் இறங்கும். ஸ்பிரிட்டைத் துணியில ஒரு டீஸ்பூன் மட்டும் ஊத்துங்க, கார்பெட்ல ஊத்தாதீங்க. கோட்டோட வெளி ஓரத்துல ஆரம்பிச்சு உள்ள வாங்க. ஒத்தி, அழுத்தி, தூக்குங்க. தேய்க்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் துணியோட சுத்தமான பக்கம். மை ஏறுன பக்கத்தையே வெச்சா எடுத்ததைத் திருப்பிக் குடுக்கிறீங்க. பதினஞ்சு இருபது தடவை ஆகும். நடுவுல கறுப்பு போய் ஊதாவா தெரியும், பயப்படாதீங்க. கறுப்பு மையில பல சாயம் கலந்திருக்கு, ஒண்ணு முந்தி வரும், ஒண்ணு பிந்தி வரும்.

கடைசியா ஒரு கப் தண்ணியில ஒரு டேபிள்ஸ்பூன் வெள்ளை வினிகர் கலந்து, துணியைப் பிழிஞ்சு ஒத்துங்க. நீங்க போட்ட சோப்புக் காரம் அடங்கும்.

நூல்கண்டு · 5.10
ஒன்றை விட்டுவிட்டீர்கள். வேலை முடிந்ததும் வெள்ளைத் துணி நாலு மடிப்பு வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் கனமான பாத்திரம். இரவு முழுக்க இருக்கட்டும். இல்லையேல் அடியில் இறங்கிய மை காயும்போது இழை வழியாக ஏறி, காலையில் கறை திரும்பி நிற்கும்.

ஸ்பிரிட்சாமி · 5.14
சரிதான். அது முக்கியம்.

பச்சைமிளகாய்23 · ஞாயிறு, காலை 9.05
கறுப்பு போயிருச்சு. லேசா ஊதா இருக்கு. டீப்பாயை நகர்த்தி மேல வெச்சுட்டேன். நன்றி.

நூல்கண்டு · 9.20
இரவு பாரம் வைத்தீர்களா, இல்லையா?

கோவைமணி · திங்கள், இரவு 8.40
ஓனர் என்னங்க சொன்னார்?