குட்டைத் தண்ணீரில் நச்சுப்பாசி: எங்கே சோதிப்பது?

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி பக்கம் எங்கள் தோட்டம். 30க்கு 30 மீட்டர் பண்ணைக்குட்டை, ஆழம் இப்போது ஐந்தடி. கட்லா, ரோகு விட்டிருக்கிறோம், ஆடுகளும் அதில்தான் குடிக்கும்.

மூன்று வாரமாகக் காலையில் தண்ணீர்மேல் பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் படலம். மதியம் காற்றுக்கு ஒரு கரையில் ஒதுங்கிவிடும், காய்ந்த இடத்தில் நீலம் பூக்கிறது, நாற்றம் வேறு. போன செவ்வாய் அந்தக் கரையில் குடித்த இரண்டு ஆடுகள் மறுநாளே செத்தன.

குச்சியால் அள்ளிப் பார்த்தேன், நூல்பாசி மாதிரி சிக்கவில்லை. பாட்டிலில் பிடித்து வைத்தால் பச்சையெல்லாம் மேலே மிதக்கிறது. அதனால் நீலப்பச்சைப் பாசி, அநேகமாக அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகை என்று நினைக்கிறேன். சுண்ணாம்பு 10 கிலோ போட்டும் பலனில்லை. அப்புறம் கடைக்காரர் பேச்சைக் கேட்டு மயில்துத்தம் 1 கிலோ கரைத்துவிட்டேன். பாசி செத்தது, இரண்டு நாளில் பாதி மீனும் போனது. பாசியின் செல் உடைந்தால் உள்ளிருக்கும் நஞ்சு தண்ணீரில் கலந்துவிடும், கொதிக்கவைத்தாலும் போகாது என்று பிறகுதான் படித்தேன். முட்டாள்தனம்தான்.

ஆடுகளுக்கு இப்போது போர் தண்ணீர். குட்டை நீரைக் கீரைப் பாத்திக்கும் பாய்ச்சுவதில்லை. மேலே உள்ள வயலிலிருந்து டிஏபி உரம் கரைந்து வரும் வாய்க்காலையும் அடைத்தாயிற்று. நீர் மாதிரியை ஒரு ஆய்வகத்தில் கொடுத்தேன். உப்பு, நைட்ரேட், கடினத்தன்மை மட்டும் பார்த்துத் தந்தார்கள். எனக்கு வேண்டியது மைக்ரோசிஸ்டின், அதாவது இந்தப் பாசி உண்டாக்கும் நஞ்சின் அளவு. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்.

திருச்சி, தஞ்சை, மதுரை வட்டாரத்தில் தனி விவசாயி கொடுக்கும் மாதிரியில் மைக்ரோசிஸ்டின் சோதித்துத் தரும் ஆய்வகம் எது?