செகண்ட் ஹேண்ட் லோடு வேன்: சாவி எடுத்தாலும் பேட்டரி இறங்குது, இன்வெர்ட்டர எங்க இருந்து புடிக்கறது?

பாலக்கோடு பம்ப்செட்:

வணக்கம்ங்க. நான் பாலக்கோட்டுல போர் மோட்டார் வேலை பாக்கறேன், சப்மெர்சிபிள் இறக்கறது ஏத்தறது, ஸ்டார்ட்டர் பேனல், கேபிள் ஜாயிண்ட் எல்லாம். மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை, கெலமங்கலம் வரைக்கும் தக்காளித் தோட்டத்துக்காரங்க கூப்புடுவாங்க, மோட்டார் நின்னா செடி வாடிடும்னு ராத்திரில கூட போன் வரும். இவ்வளவு நாள் வாடகை வண்டில தான் சாமான் போச்சு, இப்ப சொந்தமா ஒரு பழைய டீசல் வேன் எடுத்திருக்கேன், முன்னாடி மூணு பேர் உக்காரலாம், பின்னாடி முழுசா மூடுன பாடி. இஞ்சின் நல்லா இருக்கு, கரண்ட் சமாச்சாரம் தான் ஒண்ணும் புரியல. த்ரீ பேஸ் லைன் எனக்கு பழக்கம், வண்டி வயரிங் பழக்கமில்ல, கூட புக்கும் வரல.

ரெண்டு நாள் ஓட்டாம நிறுத்துனா மூணாம் நாள் செல்ஃப் எடுக்க மாட்டேங்குது, டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது. பேட்டரி கடைல போட்டு பாத்தேன், பேட்டரி நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் பிரேக் மிதிச்சா பின்னாடி இடது பக்கம் இண்டிகேட்டரும் சேந்து மங்கலா எரியுது. ஸ்டீரிங் பக்கத்துல 0 1 2 3ன்னு போட்டு ஒரு சின்ன சக்கரம் இருக்கு, திருப்பினா ஒண்ணும் நடக்கற மாதிரி தெரியல. டேஷ்போர்டுக்கு அடில யாரோ தனியா வெச்ச சுவிட்ச் மூணு இருக்கு, எதுக்குன்னே தெரியல. காலைல சாவி போட்டா ஸ்பிரிங் மாதிரி ஒரு மஞ்ச லைட் வருது, அது என்ன?

முக்கியமா கேக்க வந்தது இது. 1000 வாட்ஸ் இன்வெர்ட்டர் ஒண்ணு வெச்சிருக்கேன், சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகினா ட்ரில் மெஷின் சார்ஜர் ஓடுது, கிரைண்டர் போட்டா நின்னுடுது. ஃபியூஸ் பாக்ஸ தொறந்து பாத்தா அந்த சாக்கெட் ஃபியூஸ் மேல பழைய ஓனர் செம்புக் கம்பி சுத்தி வெச்சிருக்காரு. அப்படியே விடலாமா, இல்ல இன்னும் ரெண்டு இழை சேத்து சுத்தினா கிரைண்டர் ஓடுமா? ராத்திரி வேலைக்கு பின்னாடி ஒரு லைட்டும் மாட்டணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கிருஷ்ணகிரி ஆட்டோ எலக்ட்ரிக்:

தம்பி, மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல எழுந்து போய் அந்த செம்புக் கம்பிய கழட்டுங்க. இன்னிக்கே. நீங்க எலக்ட்ரீஷியன், கணக்கு சொன்னா உடனே புரியும். வீட்டு லைன்ல 1000 வாட்ஸ்னா நாலரை ஆம்பியர் கிட்ட, அதே 1000 வாட்ஸ் 12 வோல்ட்ல எடுத்தா 83 ஆம்பியர், இன்வெர்ட்டர் தனக்குள்ள சூடாக்கி விடறதையும் சேத்தா 90ஐ தாண்டும். லைட்டர் சாக்கெட்டுக்கு வண்டில வர்ற வயர் சின்னது, ஃபியூஸ் 10 இல்லன்னா 15 ஆம்பியர் தான் இருக்கும். கம்பி சுத்தி வெச்சா ஃபியூஸ் போகாது, வயர் போகும், அந்த வயர் டேஷ்போர்டு உள்ள மத்த வயரோட சேத்து டேப் சுத்தி கிடக்குது, ஒண்ணு உருகினா கட்டு மொத்தமும் புடிச்சிக்கும். 12 வோல்ட் தானே கைல அடிக்காதேன்னு அலட்சியமா இருக்காங்க, வண்டி எரியறதுக்கு ஷாக் அடிக்கணும்னு அவசியம் இல்லீங்க, சூடு போதும்.

பிளேடு ஃபியூஸ் கலர் பாத்து வாங்குங்க, 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. ஃபியூஸ் பாக்ஸ் மூடில என்ன எழுதியிருக்கோ அதே தான் போடணும். அந்த சாக்கெட்ல 120 வாட்ஸுக்கு மேல ஒண்ணும் சொருகாதீங்க, ட்ரில் சார்ஜர், போன் சார்ஜர், அவ்வளவு தான்.

இன்வெர்ட்டருக்கு பேட்டரில இருந்து நேரா தனி லைன் இழுக்கணும். 25 ஸ்கொயர் எம்எம் காப்பர், முடிஞ்ச அளவு நீளம் கம்மியா, பாசிட்டிவ் டெர்மினல்ல இருந்து ஒரு ஜாணுக்குள்ள 100 ஆம்பியர் ஃபியூஸ். நிறைய பேர் ஃபியூஸ இன்வெர்ட்டர் பக்கத்துல போடறாங்க, அது தப்பு, நடுவுல வயர் தகரத்துல உரசி பாடில பட்டா ஃபியூஸ் எதையும் காப்பாத்தாது. தகரத்து ஓட்டை வழியா வயர் போற இடத்துல எல்லாம் ரப்பர் குரோமெட் போடுங்க.

பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் மினுங்கறது எர்த் கோளாறு, பல்ப மாத்தி காச வீணாக்காதீங்க. பின் லைட் எர்த் வயர் பாடில போல்ட் போட்ட இடம் துரு புடிச்சிருக்கும், கரண்ட் திரும்பி போக வழி இல்லாம பக்கத்து பல்பு வழியா சுத்திட்டு போகுது. போல்ட கழட்டி, எமரி பேப்பர்ல தகரம் பளபளன்னு தெரியற வரைக்கும் தேச்சு, புது லக் (வயர் நுனில வர்ற வளையம்) போட்டு முறுக்கி, மேல கொஞ்சம் கிரீஸ் தடவுங்க.

பேட்டரி இறங்கறதுக்கு மீட்டர் வெச்சு தான் பாக்கணும். நெகட்டிவ் டெர்மினல கழட்டி டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவுல மல்டிமீட்டர 10 ஆம்பியர் ரேஞ்சுல சீரீஸ்ல போடுங்க, கதவு எல்லாம் சாத்தி, சாவி கைல வெச்சு, அரை மணி நேரம் விட்டு அப்புறம் ரீடிங் பாருங்க, ஏன்னா கம்ப்யூட்டர் இருக்கற வண்டி தூங்கறதுக்கு கொஞ்ச நேரம் எடுக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா சரி. அதுக்கு மேல இருந்தா ஒவ்வொரு ஃபியூஸா புடுங்குங்க, எதுல ரீடிங் விழுதோ அந்த லைன் தான். மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் சாவி போட்டு செல்ஃப் அடிச்சிடாதீங்க, மீட்டர் போயிடும்.

காவேரிப்பட்டணம் லோடு:

இவ்ளோ எதுக்கு பிரதர், பெரிய பேட்டரி ஒண்ணு போடுங்க, ரெண்டு நாளுக்கு பதிலா நாலு நாள் தாங்கும். டெய்லி ஓட்டுற வண்டிக்கு அது போதும்.

கிருஷ்ணகிரி ஆட்டோ எலக்ட்ரிக்:

ஒத்துக்க மாட்டேன் தம்பி. அரை ஆம்பியர் லீக் இருந்தா ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் ஹவர், பேட்டரி எவ்வளவு பெருசா இருந்தாலும் அது தின்னுக்கிட்டே இருக்கும். ஸ்டார்ட்டிங் பேட்டரிய அடிக்கடி அடி வரைக்கும் இறக்கினா பிளேட்ல சல்ஃபேட் கட்டி சீக்கிரமே செத்துடும், அப்புறம் அந்த பெரிய பேட்டரியும் போச்சு. ஓட்டைய அடைக்கணும், தொட்டிய பெருசாக்கக் கூடாது.

ஓசூர் வேன்:

கண்ட்ரோல் பத்தி கேட்டதுக்கு நான் சொல்றேன். நான் காய்கறி லோடு, விடியக்காலைல ஓட்டற ஆளு.

அந்த 0 1 2 3 சக்கரம் ஹெட்லைட் உயரத்துக்கு. பின்னாடி லோடு ஏறினா வண்டி மூக்கு தூக்கும், லைட் எதுத்து வர்றவன் கண்ணுல போய் அடிக்கும், அதனால லோடு ஏற ஏற நம்பர கூட்டணும், 0 காலி வண்டி, 3 முழு லோடு, நம்பர் கூடக் கூட வெளிச்சம் கீழ இறங்கும். நிறைய டிரைவருங்க அத தொட்டதே இல்ல, எதுத்தாப்ல இருக்கறவன் டிப் அடிச்சு அடிச்சு கேட்டாலும் நான் லோ பீம்ல தானே வர்றேன்னு கோவப்படறாங்க. ராத்திரி ஒரு சுவத்துக்கு முன்னாடி நிறுத்தி லோ பீம் போட்டு திருப்பி பாருங்க, வெளிச்சத்தோட மேல் விளிம்பு ஏறி இறங்கணும், அசையலன்னா உள்ள இருக்கற மோட்டாரோ அதோட ஃபியூஸோ போயிருக்கும். நீங்க பைப்பு, மோட்டார், செயின் பிளாக் எல்லாம் பின்னாடி தானே வெப்பீங்க, உங்களுக்கு இது கண்டிப்பா வேணும்.

ஸ்பிரிங் மாதிரி மஞ்ச லைட் குளோ பிளக். டீசல் ஸ்டார்ட் ஆக சிலிண்டர் உள்ள சூடு வேணும், சாவிய ஆன் வரைக்கும் திருப்பி அந்த லைட் அணையற வரைக்கும் கை வெக்காம இருங்க, அணைஞ்சதும் செல்ஃப் அடிங்க. தருமபுரில வெயில் காலத்துல சட்டுனு அணைஞ்சிடும், மார்கழில தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் காலைல எடுத்தீங்கன்னா கொஞ்சம் நேரம் எடுக்கும். அவசரப்பட்டு அடிச்சா பேட்டரி தான் வீணா இறங்கும். ஓடும்போது அதே லைட் மினுங்கினா பல வண்டில அது இஞ்சின் ஃபால்ட்டுனு அர்த்தம், மெக்கானிக்கிட்ட காட்டிடுங்க.

சாவிக்கு நாலு இடம் இருக்கும், லாக், ஏசிசி, ஆன், ஸ்டார்ட். மரத்தடில உக்காந்து பாட்டு கேக்கறதுக்கு ஏசிசி போதும், ஆன்ல விட்டா எரிய வேண்டாதது எல்லாம் உள்ள எரிஞ்சிட்டு இருக்கும். பார்க்கிங் லைட்டும் அப்படித்தான், தோட்டத்துல நிறுத்திட்டு வேலைக்கு போகும்போது ஒரு தடவ திரும்பி பாருங்க.

பனிமூட்டத்துல ஹை பீம் போடாதீங்க. ஓசூர் கடல் மட்டத்துல இருந்து ஏறத்தாழ 900 மீட்டர், டிசம்பர் ஜனவரில ஆறு மணிக்கு ரோடு வெள்ளையா இருக்கும், ஹை பீம் போட்டா அந்த வெள்ளைல பட்டு வெளிச்சம் நம்ம கண்ணுக்கே திரும்பி வரும். லோ பீம், ஃபாக் லேம்ப் இருந்தா அது, வேகத்த கொறைங்க.

பாலக்கோடு பம்ப்செட்:

ரெண்டு அண்ணனுக்கும் ரொம்ப நன்றிங்க. செம்புக் கம்பிய கழட்டிட்டேன், 15 நீல ஃபியூஸ் போட்டாச்சு. மீட்டர் வெச்சு பாத்தேன், 0.42 ஆம்பியர் காட்டுச்சு. ஃபியூஸ் புடுங்கி பாத்ததுல ஸ்டீரியோ லைன்ல விழுந்துச்சு. ஸ்டீரியோவ வெளிய இழுத்து பாத்தா செவப்பு வயரும் மஞ்ச வயரும் ஒண்ணா முறுக்கி ஒரே லைன்ல குடுத்திருக்காங்க. கீழ இருந்த மூணு சுவிட்ச்ல ஒண்ணு பழைய ஆம்ப்ளிஃபயருக்கு, மத்த ரெண்டும் அந்தரத்துல தொங்குது. எர்த் தேச்சதும் இண்டிகேட்டர் சரியாயிடுச்சு. இப்ப கிரைண்டருக்கு என்ன பண்ணலாம், ரெண்டாவது பேட்டரி வெக்கலாமா? பின்னாடி லைட்டுக்கும் சொல்லுங்கண்ணா.

கிருஷ்ணகிரி ஆட்டோ எலக்ட்ரிக்:

சரியா புடிச்சிட்டீங்க. மஞ்சள் எப்பவும் கரண்ட் இருக்கற லைன்ல போகணும், அது மெமரிக்கு. சிவப்பு சாவி போட்டா மட்டும் வர்ற ஏசிசி லைனுக்கு போகணும். ரெண்டையும் சேத்துட்டா செட்டு தூங்கவே தூங்காது. பிரிச்சு குடுத்துட்டு திரும்ப மீட்டர் வெச்சு பாருங்க, இன்னும் 50 மில்லிக்கு மேல காட்டினா பழைய ஓனர் ஜிபிஎஸ் டிராக்கர் ஏதாவது ஒளிச்சு வெச்சிருக்காரான்னு தேடுங்க. தொங்கற வயர்ல கரண்ட் வருதான்னு டெஸ்ட் லேம்ப்ல பாத்து, வந்தா ஆரம்பிக்கற இடத்துலயே கழட்டுங்க, நுனில டேப் சுத்தி விடறது போதாது.

கிரைண்டருக்கு மனசுல பட்டத சொல்றேன், தோட்டத்துல கரண்ட் இருந்தா அங்க புடிங்க, இல்லன்னா பேட்டரில ஓடற கிரைண்டர் வாங்குங்க. 60 ஆம்பியர் ஹவர் பேட்டரில இருந்து 90 ஆம்பியர் இழுத்தா கால் மணி நேரத்துக்கே திணறிடும், அப்புறம் ராத்திரி அஞ்செட்டி காட்டுல வண்டிய தள்ளணும். ரெண்டாவது பேட்டரி லைட்டுக்கும் சார்ஜருக்கும் நல்லது. ஆனா ரெண்டையும் நேரா இணைச்சிடாதீங்க, நடுவுல வோல்டேஜ் பாத்து சேக்கற ரிலே போடணும், இஞ்சின் ஓடி 13.3 வோல்ட் வந்தா சேத்துக்கும், 12.8க்கு இறங்கினா பிரிச்சிடும். ராத்திரி முழுக்க லைட் எரிஞ்சு ரெண்டாவது பேட்டரி செத்தாலும் செல்ஃபுக்கு முதல் பேட்டரி இருக்கும். அந்த இணைப்பு வயர்ல ரெண்டு பேட்டரி பக்கமும் ஃபியூஸ் வேணும், ரெண்டு பக்கமும் கரண்ட் இருக்கு இல்லீங்களா.

பின்னாடி லைட்டுக்கு நாலு கால் ரிலே, சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட ஆன் ஆஃப் பண்றது, கால் பக்கத்துல நம்பர் போட்டிருக்கும். 30க்கு பேட்டரில இருந்து ஃபியூஸ் வழியா லைன், 87ல இருந்து லைட்டுக்கு, 86க்கு சுவிட்ச், 85 எர்த். எல்இடி 20, 30 வாட்ஸ் போதும், ரெண்டரை ஆம்பியர் தான் இழுக்கும், அதுக்கு ரிலே அவசியம் இல்ல, ஆனா நாளைக்கு இன்னொண்ணு சேப்பீங்க, இப்பவே போட்டுடுங்க. சுவிட்ச்ல சின்ன செவப்பு இண்டிகேட்டர் இருக்கற மாதிரி வாங்குங்க, ரோட்டுல போகும்போது பின்னாடி வெள்ளை லைட் எரிஞ்சா வர்றவனுக்கு கண்ணு கூசும், ரிவர்ஸ் எடுக்கறான்னும் நினைப்பான்.

இன்னொண்ணு. இஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினல கழட்டி டைனமோ வேலை செய்யுதான்னு பாக்கற பழக்கம் நம்ம ஊருல இன்னும் இருக்கு, யாரையும் விடாதீங்க, வோல்டேஜ் எகிறி கம்ப்யூட்டர் போயிடும். டெர்மினல்ல மீட்டர் வெச்சாலே தெரியும், இஞ்சின் ஓடும்போது 13.8ல இருந்து 14.4 வரைக்கும் இருக்கணும், இஞ்சின் நிறுத்தி சில மணி நேரம் கழிச்சு பாத்தா முழு சார்ஜுக்கு 12.6.

தொப்பூர் டிரைவர்:

தம்பி, நான் லாரி ஓட்டறவன், வயரிங் அவ்வளவா தெரியாது. சாவி பத்தி பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லணும். மோட்டார் ரீவைண்டிங் சாமானுக்கு சேலம் போவீங்க, தொப்பூர் கணவாய்ல இறங்குவீங்க. தருமபுரில இருந்து சேலம் போற பக்கம் தான் என்ஹெச் 44ல இறக்கம், அங்க எத்தனை விபத்துன்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடறவனும் இருக்கான், சாவியவே ஆஃப் பண்றவனும் இருக்கான். இஞ்சின் நின்னா பிரேக்குக்கு உதவற வேக்கம் பம்ப் நின்னுடும், ஒண்ணு ரெண்டு மிதிக்கு மட்டும் தான் பெடல் லேசா இருக்கும், அப்புறம் கல்லு மாதிரி ஆயிடும், பவர் ஸ்டீரிங்கும் போயிடும், சாவிய லாக் வரைக்கும் திருப்பி எடுத்துட்டா ஸ்டீரிங்கே பூட்டிக்கும். இப்ப வர்ற காமன் ரெயில் டீசல் வண்டில கியர்ல இறங்கும்போது ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டா டீசலே போகாது, நியூட்ரல்ல தான் ஐடிலுக்கு குடிக்கும், அதனால மிச்சம்ங்கற பேச்சே இல்ல. எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க.

மழைல ஓடிட்டு இருக்கும்போது நாலு இண்டிகேட்டரும் போட்டுட்டு வர்றாங்க, அதையும் பண்ணாதீங்க, நீங்க லேன் மாறினா பின்னாடி இருக்கற எனக்கு எப்படி தெரியும்? லோ பீம் போட்டா பின் லைட் தானா எரியும், அது போதும். நாலும் போடறது வண்டி ஓரமா நின்னா மட்டும், கூடவே முக்கோண ரிஃப்ளெக்டர கொஞ்சம் தூரம் பின்னாடி வெச்சிடுங்க, வளைவுல நின்னுட்டீங்கன்னா வளைவுக்கு முன்னாடியே வெக்கணும்.