புதுப்பிப்பு: ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார்ல 8.5 இன்ச் அகல வீல் உக்காந்துருச்சு

ஐடியா குடுத்த எல்லாருக்கும் நன்றி மக்களே. நான் கேட்டது இதான்: கம்பெனி வீல் 18 இன்ச், அகலம் 7.5 இன்ச், ஆஃப்செட் (வீலோட நடுக்கோட்டுக்கும் அது கார்ல ஒட்டுற முகத்துக்கும் உள்ள தூரம்) 51 மில்லி, அதுக்கு பதிலா அகலம் 8.5, ஆஃப்செட் 45 போட்டா உரசுமா?

"உள்ள 7 மில்லி, வெளிய 19 மில்லி கூடும், அந்த கேப் இருக்கான்னு மட்டும் பாருங்க"ன்னு ஒருத்தர் சொன்னதுதான் கை கொடுத்துச்சு. அதே 225/40 டயரோட முன்னாடி ஒரு வீலை மட்டும் மாட்டி ஸ்டீயரிங்க ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிச்சு பாத்தோம், டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் (உள்பக்கம் இருக்கிற சஸ்பென்ஷன் தூண்) நடுவுல சுண்டு விரல் நுழையுது, போதும்.

எதிர்பாக்காதது போல்ட்டுதான். கம்பெனி போல்ட்டு தலைக்கு கீழ உருண்டையா இருக்கும், வெளிய வாங்குன இந்த வீல்ல போல்ட்டு ஓட்டை கூம்பு மாதிரி, பழசையே போட்டா சரியா உக்காராது, ஓட ஓட லூஸாயிடும். கோன் சீட் (தலைக்கு கீழ கூம்பு மாதிரி இருக்கிற) எம்14 போல்ட்டு தனியா வாங்கிக்கோங்க. புது வீலோட சென்டர் ஓட்டை 66.6 மில்லி, அதுக்குள்ள உக்கார்ற நம்ம கார் ஹப்பு 57.1 மில்லி, அதனால அந்த இடைவெளிய நிரப்ப ரிங்கும் வேணும், இல்லன்னா வேகத்துல ஸ்டீயரிங் ஆடலாம்.

பின் சீட்ல ஆள் ஏறி ஸ்பீட் பிரேக்கர்ல இறங்குறப்ப மட்டும் பின்னாடி லைனர்ல (வீலுக்கு மேல உள்பக்கம் இருக்கிற பிளாஸ்டிக் மூடி) டயர் லேசா உரசுச்சு, ஓரத்த கொஞ்சம் செதுக்குனதும் சத்தம் போச்சு. இதவிட அகலமான 235 டயர் போட நினைக்கிறவங்க பின்பக்கத்த முதல்ல அளந்துக்கோங்க.