பில்லி ஜோயலைத் தூக்கிவிட்டது வானொலியா, கம்பெனியா?

சிற்றலை:
அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவின் சில எஃப்.எம். நிலையங்களில் அறிவிப்பாளரே பாட்டைத் தேர்ந்தெடுத்தார், மேலிடத்துப் பட்டியல் கிடையாது. தானே எழுதித் தானே பாடுகிறவர்கள் பிழைத்ததே இதனால்தான் என்பது என் கட்சி. அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயலின் முதல் ஆல்பம் 1971இல் தவறான வேகத்தில் பதிவாகி, குரல் கீச்சென்று கேட்டு, விற்காமல் போனது. 1972 ஏப்ரல் 15 அன்று ஃபிலடெல்ஃபியா சிக்மா சவுண்ட் ஸ்டூடியோவில் டபிள்யூ.எம்.எம்.ஆர். என்ற எஃப்.எம். நிலையத்துக்காக ஒரு கச்சேரி செய்தார். அதில் பாடிய 'கேப்டன் ஜாக்' அப்போது எந்த இசைத்தட்டிலும் இல்லை. ஏழு நிமிடப் பாட்டு, அதுவும் போதைப் பழக்கத்தைப் பற்றியது. நிலையம் அந்த டேப்பையே திரும்பத் திரும்பப் போட, நேயர்கள் ஃபோன் செய்து அதையே கேட்க, கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி அவரைத் தேடி வந்தது அப்புறம்தான்.

கணக்குப்பிள்ளை:
அதே ஏப்ரல் தொடக்கத்தில் போர்ட்டோ ரிக்கோ இசை விழாவில் பெருங்கூட்டத்தின் முன் அவர் பாடியதை ஏன் விட்டுவிட்டீர்கள்? இன்னொன்று, டபிள்யூ.எம்.எம்.ஆர். யாருடையது? மெட்ரோமீடியா என்ற பெரிய நிறுவனத்துடையது, பெயரிலேயே அது இருக்கிறது. பெரிய நகரங்களில் ஏ.எம்.மில் போவதையே எஃப்.எம்.மிலும் நாள் முழுக்கப் போடக் கூடாது என்று அரசு ஆணையம் விதி கொண்டுவந்து, 1967இல் அது நடைமுறைக்கு வந்தது. நிரப்ப வேண்டிய நேரம் நிறைய, கேட்க ஆள் குறைவு, அதனால் முதலாளிகள் இளைஞர்களைச் சும்மா விட்டார்கள். இதைப் புரட்சி என்று சொன்னால் எப்படி?

சிற்றலை:
கதவு எதனால் திறந்தது என்பது வேறு, உள்ளே போனவர்கள் என்ன செய்தார்கள் என்பது வேறு. அதோடு எல்லா நிலையமும் முதலாளி நிலையம் இல்லை. நியூயார்க் டபிள்யூ.பி.ஏ.ஐ. நிலையம் நேயர்கள் தரும் பணத்தில் ஓடியது, அறிவிப்பாளர் பாப் ஃபாஸ் 1963 முதலே நள்ளிரவுக்குப் பிறகு அங்கே தன் இஷ்டத்துக்கு நிகழ்ச்சி நடத்தினார். பாடகர் ஆர்லோ கத்ரியின் பதினெட்டு நிமிடக் கதைப்பாட்டு 1967இல் ஆல்பமாக வருவதற்கு முன்பே அந்த நிலையத்தில் பிரபலம். மூன்று நிமிடப் பாட்டுக்கே பழகிய ஏ.எம். அதை எங்கே வைத்திருக்கும்?

ராத்திரி நேயர்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். சான் ஃபிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ். நிலையத்தில் அறிவிப்பாளர் டாம் டொனஹ்யூ இதே பாணியை 1967 ஏப்ரலில் தொடங்கினார், அடுத்த மார்ச்சிலேயே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கிருந்து அவர்கள் போன கே.எஸ்.ஏ.என். நிலையமும் மெட்ரோமீடியாவுடையதுதான். இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
சரி, இன்னொரு பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு வாருங்கள். 1972இல் அவரை ஒப்பந்தம் செய்தது கொலம்பியாவின் ஜான் ஹேமண்ட். பாப் டிலனை எடுத்தவரும் அவரேதான். இதில் எந்த அறிவிப்பாளருக்கும் பங்கு இல்லை. அறிவிப்பாளர் என்ற ஒரு ஆளின் ரசனைக்குத் தப்பிப் போன பாடகர்கள் எத்தனை பேரோ, அவர்களுக்காக யார் பேசுவது?

சிற்றலை:
ஒப்பந்தம் போட்டதைக் கம்பெனியே வைத்துக்கொள்ளட்டும். 1973இல் வந்த அவருடைய இரண்டு ஆல்பங்களும் சரியாக விற்காதபோது அவரை விடாமல் போட்டது ஃபிலடெல்ஃபியா, கிளீவ்லாந்து மாதிரி ஊர்களின் எஃப்.எம். அறிவிப்பாளர்கள். 1975 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் பாட்டம் லைன் அரங்கில் நடந்த அவர் கச்சேரியை அவ்வூர் எஃப்.எம். நிலையம் டபிள்யூ.என்.இ.டபிள்யூ. நேரடியாக ஒலிபரப்பியது, அவருடைய 'பார்ன் டு ரன்' ஆல்பம் கடைக்கு வந்தது அதற்குப் பத்து நாள் கழித்து. ஒரு ஆளின் ரசனை என்கிறீர்கள். ஒரு நிலையத்தில் நாலைந்து அறிவிப்பாளர்கள், ஊருக்கு ஊர் வேறு ஆட்கள், ஒருவர் தள்ளியதை இன்னொருவர் எடுப்பார். பிற்பாடு லீ ஆப்ரம்ஸ் போன்ற ஆலோசகர்கள் ஆராய்ச்சி செய்து கொடுத்த பட்டியலையே பல ஊர் நிலையங்கள் வாங்கிப் போட்டன. அப்போதுதான் ஒரே ரசனை ஊரெல்லாம் ஓடியது. வெளிவராத ஏழு நிமிட டேப்போடு வருகிறவனுக்கு அந்தப் பட்டியலில் எந்த இடம் கிடைத்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.