உள்ளிருப்பவர்கள் விற்கிறார்கள், பயப்படணுமா?

அமெரிக்கச் சந்தையில் உள்ள ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்கு கொஞ்சம் வைத்திருக்கிறேன். மூன்று மாதமாக அதன் நிதித் தலைவரும் இரண்டு இயக்குநர்களும் விற்றுக்கொண்டே இருக்கிறார்கள். வாங்க ஒருவரும் இல்லை.

விற்றாலோ வாங்கினாலோ 2 வேலை நாளுக்குள் அவர்கள் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் தாக்கல் செய்யும் அறிக்கையான படிவம் 4-ஐத் தேடிப் படித்தேன். ‘எஃப்’ குறியீடு வரிக்காகப் பிடித்த பங்கு, சரி. ‘எஸ்’ என்றால் விற்பனை, தலைவலி அங்கேதான். பலவற்றில் 10பி5-1 திட்டப்படி, அதாவது முன்கூட்டியே எழுதிவைத்த விற்பனைத் திட்டப்படி, விற்றதாகக் குறிப்பு இருக்கிறது. திட்டம் போட்டு குறைந்தது 90 நாள் கழித்துத்தான் விற்கலாம் என்பதால், இது இன்றைய பயத்தில் விற்றதல்ல என்று எடுத்துக்கொள்ளலாமா?

திட்டமில்லாமல் விற்றது ஒன்றே ஒன்று. ஆனால் அதுதான் பெரியது! விற்றபின் அவர் கையில் மிச்சம் எவ்வளவு என்பதை வைத்து முடிவெடுப்பதா? இதைப் படித்துப் பழகியவர்கள் சொல்லுங்களேன். ‘உடனே வித்துடு’ மட்டும் வேண்டாம், அதை வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.