பெரிய எஞ்சின் வேனில் டீசலை மிச்சப்படுத்த வழி உண்டா?

வணக்கம். படுக்கை, அடுப்பு, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து மாற்றிய 2.6 லிட்டர் டீசல் வேனில் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறோம். டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். கோவை–மதுரை சாலையில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர். கோத்தகிரி வழியாக ஊட்டி போய்வந்தால் 7கூடத் தேறவில்லை.

மலைக்குப் பாரம்தான் காரணம். தண்ணீரே 100 கிலோ. அதை மேலே போய் நிரப்பிக்கொள்ளலாம். சமவெளியில் என் சந்தேகமெல்லாம் கூரைமேல் இருக்கும் கேரியர்மீது. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகிவிடுமே! கேரியரைக் கழற்றிப் பார்த்தவர்கள், 100இல் போகாமல் 80இல் ஓட்டுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எவ்வளவு மிச்சமானது? டயருக்குக் காற்று எவ்வளவு பிடிக்கிறீர்கள்?

“பெரிய எஞ்சின் அப்படித்தான் குடிக்கும்” என்று மெக்கானிக் அண்ணன் சிரிக்கிறார். காசு கொடுப்பது நானல்லவா!