டாக்பேக், ஜூம், வாய்ஸ்ஓவர்: பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகப் போன் திரையை வாசிக்கும், பெரிதாக்கும் இந்த வசதிகளால் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்

விடுதி மாணவி:
மறுநாள் காலை இலக்கணத் தேர்வு. ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் நோட்ஸ் பிடிஎஃப் வந்தது. இயர்போனை மாட்டித் திறந்தேன். திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் "ஜே கே பி ஓ செமிகோலன்" என்கிறது. பக்கம் முழுக்க இப்படியே. அறைத்தோழியிடம் நீட்டினேன். "தமிழ்னுதான்டி இருக்கு, தெளிவாத்தானே தெரியுது?" என்றாள். பாமினி எழுத்துரு. அவள் பார்த்த "தமிழ்"தான் எனக்கு ஜே கே பி ஓ. முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்ல மனம் வரவில்லை, அவளுக்கும் காலையில் அதே தேர்வு.

பழைய மாணவன்:
தங்கச்சி, டாக்பேக் மேல் தப்பில்லை. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், தமிழ் வடிவம் மேலே போர்த்தியது. என் கதை இரண்டு வரி: உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் நான்கு பட்டன்கள், நான்கையும் டாக்பேக் "அன்லேபிள்ட் பட்டன்" (பெயரில்லாத பட்டன்) என்றது. தவறானதைத் தட்டினேன், நிரப்பியது எல்லாம் அழிந்தது. சரி, இனி இப்படிச் செய்து பாருங்கள். பிடிஎஃபில் ஒரு வரியைக் காப்பி செய்து வேறெங்காவது ஒட்டுங்கள். ஆங்கில எழுத்து விழுந்தால் எழுத்துருப் பிரச்சினை, யூனிகோடு (எந்தக் கருவியும் தமிழாகவே படிக்கும் எழுத்துமுறை) மாற்றியில் போட்டால் தமிழாகிவிடும். காப்பியே ஆகவில்லையா? அது ஸ்கேன் செய்த படம். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸாகத் திறந்தால் எழுத்தைப் பிரித்துத் தரும், பிழைகள் இருக்கும், கவனம். அப்புறம், முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் யூனிகோடு ஃபைல் கேட்டுவிடுங்கள். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடுக்கு அரசாணை போட்டுவிட்டது.

தாவரவியல், லோ விஷன் (குறைந்த பார்வை):
முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள் என்கிறீர்கள், அண்ணா. என் பார்வை பற்றி நானும் முதல் வாரமே சொன்னேன். வேறொரு ஆசிரியர் பதிலுக்கு வந்த நாளில் அது எதற்கும் உதவவில்லை. கரும்பலகையைப் போட்டோ எடுத்து, மூன்று தட்டுத் தட்டிப் பெரிதாக்கி, முகத்தருகே வைத்துப் பார்ப்பேன். "வகுப்பில் என்ன படம் ஓடுது?" என்று போனைப் பிடுங்கினார். திரை முழுக்க ஒரே ஒரு இலைத்துளை, அவர் வரைந்ததுதான். அவருக்கே அடையாளம் தெரியவில்லை. மணி அடித்த பிறகுதான் போன் கைக்கு வந்தது. பாதிப் படம் இன்றும் என் நோட்டில் இல்லை.

கணக்கு டீச்சர்:
நான் பார்வை உள்ளவள். பதினோராம் வகுப்பில் என் போன் திடீரென்று பேச ஆரம்பித்தது. தட்டினால் திறக்கவில்லை, தள்ளினால் நகரவில்லை. வகுப்பே சிரித்தது. பார்வையற்ற மாணவன் ஒருவன் எழுந்து வந்து, "குடுங்க மிஸ், டாக்பேக் ஆன் ஆயிருக்கு" என்று இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினான். நின்றுவிட்டது. ஜூன் மாதத்திலிருந்து அவன் போனைப் பைக்குள் வைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தவள் நான். அன்று வரை அது எப்படிப் பேசும் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

விடுதி மாணவி:
அண்ணா, அந்த யூனிகோடு மாற்றி எனக்கும் தெரியும். 64 பக்கம். பத்தி பத்தியாகக் காப்பி செய்து ஒட்டி, ராத்திரி இரண்டு மணிக்குப் புணர்ச்சி விதி வரை வந்தேன். அணி இலக்கணத்தைத் தொடவே இல்லை. கேள்வி அதிலிருந்துதான் வந்தது. டீச்சர், அந்தப் பையன் இப்போது வகுப்பில் போனை வெளியே வைத்துக்கொள்கிறானா?

கணக்கு டீச்சர்:
வைத்துக்கொள்கிறான் அம்மா. முதல் பெஞ்சில், ஒரு காதில் மட்டும் இயர்போன்.